விலை தவறிவிட்டதாம்!

எங்கள் தெருக்கோடியில் தையற்காரப் பெண்மணி ஒருவர் குடியிருக்கிறார். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரர். கணக்குப் பார்ப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், கைப்பேசியிலேயே வியாபாரம் நடத்தும் பெரிய கடை ஒன்றில், மோட்டார் வைத்த தையல் மெஷின் 6,499 ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்தார். பண்டிகைத் தள்ளுபடிக் காலம். விலை மலிவுதான், ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய மலிவு அல்ல. மிதித்துத் தைக்கும் பழைய மெஷினை 2,500 ரூபாய்க்கு விற்றார். கையிருப்பையும் சேர்த்துப் பணத்தைக் கட்டினார். 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது' என்று உடனே பதில் வந்தது.

நாலாம் நாள் இன்னொரு செய்தி வந்தது. விலை தவறிவிட்டதாம். சரியான விலை 9,499 ரூபாயாம். ஆகவே ஆர்டர் ரத்தாம். அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்!

பணம் திரும்பி வர மேலும் எட்டு நாள் ஆயிற்று. தீபாவளிக்கு ஊரே துணியைத் தூக்கிக்கொண்டு தையற்காரரைத் தேடி அலைகிற நாளில், தையற்காரர் மெஷினைத் தேடி அலைந்தார்.

இதே கடையில்தான் அதற்கு முந்தைய வருஷம் அவர் அரக்கு நிற நூலுக்குப் பதில் சிவப்பு நூலைத் தவறுதலாகக் குறித்துவிட்டார். ஒரு பெட்டி நிறைய நூல். மாற்றிக் கேட்டதற்கு, 'குறித்தது நீங்கள்தான். இந்தச் சரக்கைத் திருப்பி எடுப்பதற்கில்லை' என்று பதில் வந்தது. வாங்குகிறவர் தவறினால் அது அவர் தலையெழுத்து. விற்கிறவர் தவறினால் அதுவும் வாங்குகிறவர் தலையெழுத்து. இதற்கு வியாபாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கடையில் விலை எழுதி வைப்பது விற்கிறேன் என்ற வாக்கு அல்ல, ஐயா! வந்து கேளுங்கள் என்ற அழைப்பு மட்டுமே" என்றார். 1953-இல் இங்கிலாந்தில் பூட்ஸ் என்ற மருந்துக் கடை வழக்கில் அப்படித்தான் தீர்ப்பாயிற்றாம். அலமாரியிலிருந்து புட்டியை எடுத்ததும் வியாபாரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், மனம் மாறி அதைத் திரும்ப வைக்கக்கூட வாங்குகிறவருக்கு உரிமை இராது அல்லவா? நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தத் தீர்ப்பின்படியே, காசாளர் ஏற்றுக்கொண்டதும் வியாபாரம் முடிகிறது. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, 'விற்பதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்துச் சொல்கிறேன்' என்று எந்த மருந்துக் கடைக்காரரும் சொல்லவில்லையே!

இணையக் கடைகளில் பல அதைத்தான் சொல்கின்றன. 'பொருளை அனுப்பிவிட்டோம் என்று நாங்கள் தெரிவிக்கும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது' என்று நிபந்தனைகளின் நடுவே ஒரு வரி இருக்கும். பணம் மட்டும் ஒப்பந்தம் பிறப்பதற்கு முன்பே போய்விட வேண்டும்! பிள்ளை பிறப்பதற்கு முன் காது குத்துக்கு மொய் வாங்குகிற கதைதான்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்த விஷயத்தில் இவர்களைவிடக் கண்ணியமானது. ஒரு தரப்பார் மட்டும் ஏதோ ஒன்றைத் தவறாக நினைத்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் ஒப்பந்தத்தைக் கைவிட முடியாது என்று அதன் 22-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் ஒப்பந்தமே பிறக்கவில்லை என்று சாதிக்க இவர்களுக்கு இத்தனை அவசரம்.

கடைக்காரருக்காகப் பேசுகிறவர்கள் உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். நானே காட்டிவிடுகிறேன். 2003-இல் அங்கே ஓர் இணையக் கடையில் 3,854 டாலர் அச்சு இயந்திரம் 66 டாலர் என்று தவறாகப் பதிவாகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். கடை கொடுக்க மறுத்தது. நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. தவறு என்று தெரிந்தேதான் வாங்கினார்கள் என்பது காரணம். மெத்தச் சரி. வீட்டுக்கு ஒன்று என்றால் புரிகிறது. ஆயிரத்தறுநூறு இயந்திரங்களை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் என்ன அச்சடிப்பது? இந்த ஆசாமிகளுக்காக நான் மல்லுக்கு நிற்கவில்லை.

ஆனால் 66 டாலருக்குச் சொன்ன நியாயத்தை 6,499 ரூபாய்க்குச் சொல்லலாமா? 'பாதி விலை', 'முக்கால் தள்ளுபடி' என்று பத்து நாளாகத் தமுக்கடித்தவர்கள் யார்? எந்த விலையும் சாத்தியம் என்று நம்மை நம்பவைத்துவிட்டு, 'இதைக்கூடவா நம்பினாய்?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஒடிசாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014-இல் ஒரு சட்ட மாணவர் 190 ரூபாய் என்று விலை போட்டிருந்த மடிக்கணினிக்கு ஆர்டர் கொடுத்தார். கடை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு விலைத் தவறு என்று ரத்து செய்தது. அவர் விடவில்லை. வழக்கு வருஷக் கணக்கில் நடந்து, கடைசியில் மாநில நுகர்வோர் ஆணையம் நஷ்ட ஈடும் செலவுமாக அவருக்கு 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 190 ரூபாய்க்குக் கணினியையே கொடுக்கச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கும். ஏற்றுக்கொண்டு கைவிட்டதற்கு விலை கொடு என்றால் உறுத்தவில்லை.

நான் கேட்பதும் அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தவறு என்று தெரிகிற விலையானால், கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நம்பத் தகுந்த விலையைப் போட்டு, பணத்தையும் வாங்கி, உறுதியும் சொன்ன பிறகு அந்த விலைக்கே பொருளைக் கொடுக்க வேண்டும். முடியாதென்றால், அதை நம்பி ஒருவர் அடைந்த நஷ்டத்தைத் தீர்க்க வேண்டும். 2020-ஆம் வருஷத்து மின்வணிக விதிகள் இந்த வாசல் வரை வந்து நின்றுவிட்டன. கடை ஒருதலையாக ரத்து செய்யும்போது தானும் அதேபோல் கட்டணம் கொடுப்பதாக இருந்தாலொழிய, ரத்து செய்கிற வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது ஒரு விதி. அழகான விதி! கடை இருவருக்கும் கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மெஷினை விற்றுவிட்டு நிற்கிறவருக்கு இதனால் என்ன வந்தது?

விற்கும் உத்தேசமே இல்லாமல் மலிவு விலையை விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் சொல்கிறது. ஆனால் உத்தேசத்தை யார் கண்டார்கள்? தையற்காரர் எந்தக் கணினியைத் திறந்து பார்த்து அதை நிரூபிப்பார்?

இருந்தாலும் அவரைப் புகார் கொடுக்கச் சொன்னேன். கடையின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அங்கே நடக்காவிட்டால் 1915 என்ற எண் இருக்கிறது. அதற்கும் மேலே, நாம் குடியிருக்கும் ஊரிலேயே ஆணையத்தில் மனுப் போடலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

மனுவை எழுத நான்தான் உட்கார்ந்தேன். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டேன். ஓர் இருபத்தையாயிரமாவது போடலாம் என்பது என் எண்ணம். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"தைக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தது பதினோரு ரவிக்கை, ஒன்றுக்கு 250. அப்புறம் எட்டு நாள் வாடகை மெஷின், நாளுக்கு 100. மொத்தம் 3,550 சார்."

"மன உளைச்சலுக்கு?" என்றேன்.

"அதை அவங்களே போடட்டும், சார். என் கணக்கு இதுதான்" என்றார்.