'இதர ஆவணங்கள்'

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது, பட்டியலின் கடைசியில் 'எத்செத்தெரா' என்று எழுதினால் வாத்தியார் எழுப்பி நிறுத்துவார். "மீதி என்னென்ன, சொல்" என்பார். முக்கால்வாசி நேரம் மீதி எதுவும் இருக்காது.

குமாஸ்தாவான பிறகு அதை மறந்துபோனேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அறிவிப்புப் பலகைக்கு நான் எழுதிய பட்டியலில் கடைசி வரி, 'இதர உரிய ஆவணங்கள்'. காரைக்காலிலிருந்து, சுமார் 130 கி.மீ. பஸ்ஸில், ஓர் அம்மா மூன்று தடவை வந்தார். முதல் தடவை நகலில் அதிகாரி கையெழுத்து இல்லை. அடுத்த தடவை போட்டோ குறைவு. மூன்றாவது தடவையும் ஏதோ ஒன்று. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, அந்த இதரன்னா என்னான்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துடு" என்றார்.

எழுதினேன். வரிக்கு ஒரே ஒரு பொருள். அசலா, நகலா, எத்தனை. யாரிடம் வாங்க வேண்டும். பிறர் கையெழுத்துக்கு அலைய வேண்டியவற்றை முதலில் போட்டேன், அவற்றுக்குத்தானே நாளாகும்! எண் போடுவதும் அவசியம். "நாலாவது இல்லீங்க" என்று ஜன்னலில் சொல்ல எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் முடியும். அழகுக்காகக் கமா போட்டு ஒரே வரியில் நாலைந்தைத் திணிப்பவர்களை எனக்குப் பிடிக்காது; நடுவில் இருப்பது கண்ணில் படாது.

போன மாதம் ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் கம்ப்யூட்டர் எழுத்தில் பளிச்சென்று பட்டியல். கடைசி வரி 'முதலியன'. என்னவென்று கேட்டேன். "அப்புறம் சொல்றோம் சார்" என்றார் அந்தப் பிள்ளை. பேனாவை நீட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.