ஹம்சா சௌத்ரி வாடகைக்கு வந்தவரா?

கால்பந்து பத்திப் பதிவு போட்டா நாலு பேருதான் படிப்பாங்கன்னு தெரியும். இருந்தாலும் இதை எழுதாம விட முடியலை. 2025 நவம்பர் 18-ம் தேதி டாக்காவுல இந்தியா 0-1னு தோத்துச்சு இல்லையா, அதிலேர்ந்து நம்ம ஆளுங்க பாடுற பாட்டு ஒண்ணே ஒண்ணுதான். "இங்கிலாந்துல எடுபடலை, அதான் பங்களாதேஷுக்கு ஆட வந்துட்டான்." "வாடகைக்கு ஆள் பிடிச்சு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

2003-க்கு அப்புறம் அவங்ககிட்ட நாம தோத்தது இதுதான் முதல் தடவை. வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்னு சொல்லிட்டுப் போங்க சாமி. வாடகைங்கிற வார்த்தை எதுக்கு?

ஹம்சா பிறந்தது 1997-ல, இங்கிலாந்தில் லஃப்பரோ என்கிற ஊரில். அம்மா பங்களாதேஷ் குடும்பம். பெற்ற அப்பா கிரெனடா தீவுக்காரர், வளர்த்த அப்பா சில்ஹெட் பக்கம் ஹபிகஞ்ச் மாவட்டத்துக்காரர். 2025 மார்ச்சில் சில்ஹெட் விமான நிலையத்தில் வந்து இறங்கினப்போ பத்திரிகைக்காரங்ககிட்ட அந்த ஊர்ப் பாஷையிலேயே பேசினார். வாடகைக்கு வந்தவனுக்கு அந்தப் பாஷை யார் சொல்லிக் கொடுத்தா?

சரி, எடுபடாத கதைக்கு வருவோம். சின்ன வயசுலேயே லெஸ்டர் சிட்டி பயிற்சிப் பள்ளி. கொஞ்ச நாள் பர்ட்டன் அணிக்குக் கடன். 2017 நவம்பர்ல பிரீமியர் லீக். இங்கிலாந்து 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 7 ஆட்டம் (அதுல 2019-ல பிரான்ஸோட ஒரு பயங்கரமான உதை, சிவப்பு அட்டை. அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்). 2021 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துல மாற்று ஆளா இறங்கி, செல்சியை ஜெயிச்சதும் பாலஸ்தீனக் கொடியோட மைதானத்துல நின்னார். இங்கிலாந்து சீனியர் அணிக்குக் கூப்பிடலை, உண்மைதான். இதுதான் எடுபடாததுன்னா நம்ம நாட்டுல எடுபட்டவன் ஒருத்தனைக் காட்டுங்க, பார்ப்போம்.

ஹம்சாவோட முதல் சர்வதேச ஆட்டமும் நம்மகூடத்தான். 2025 மார்ச் 25, ஷில்லாங், 0-0. அந்த ஆட்டத்துக்கு நாம என்ன தயாரிப்பு பண்ணினோம் தெரியுமா? 2024-ல ஓய்வு வாங்கிட்டுப் போன சுனில் சேத்ரியை 40 வயசுல திரும்பக் கூட்டிட்டு வந்தோம். சேத்ரி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அந்த நிலைமையில இருக்கிற நாம அடுத்தவன் அணியில யார் வாடகை, யார் சொந்தம்னு கணக்கெடுக்கிறதுதான் காமெடி.

டாக்கா ஆட்டத்தையே எடுத்துக்குங்க. கோல் போட்டது மொர்சலின், உள்ளூர்ப் பையன். ஹம்சா பண்ணினது, கோல்கீப்பர் வெளியே வந்து மாட்டிக்கிட்ட நேரத்துல சாங்தே அடிச்ச பந்தைத் தலையால முட்டி வெளியே அனுப்பினது. ஸ்கோர் அட்டையில வராத வேலை. நடுக்கள ஆட்டக்காரன் பொழப்பே அதுதான், கோல் எண்ணுறவங்களுக்குக் கண்ணுல படாது.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "நாமளும் வெளிநாட்டு இந்தியர்களை ஆட விட்டா உலகக் கோப்பைதான்"னு குதிக்கிறவங்க. இந்திய பாஸ்போர்ட் இருந்தாத்தான் ஆடலாம்னு 2008-லேயே அரசாங்கம் சொல்லிடுச்சு. இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. அராட்டா இசுமி ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுட்டு வந்தார், ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியாவை விட்டுட்டு வந்தார். இந்த விதியைத் திட்டுங்க, நானும் கூட வர்றேன். ஆனா உலகக் கோப்பைக் கனவெல்லாம் வேண்டாம். பங்களாதேஷ்ல ஹம்சா இருந்தார், கனடாவுல பிறந்த ஷமித் ஷோமும் இருந்தார். 2025 அக்டோபர்ல ஹாங்காங்கோட டாக்காவுல ஆட்டம். ஹம்சா ஃப்ரீ கிக்குல முதல் கோல். கூடுதல் நேரத்துல ஷமித் 3-3 ஆக்கிட்டார். அடுத்த ரெண்டு நிமிஷத்துல நாலாவது கோலை வாங்கித் தோத்தாங்க. 2027 ஆசியக் கோப்பைக்கு அவங்களும் போகலை, நாமளும் போகலை. ரெண்டு ஆள் வந்தா ஒரு அணி நிமிரும், ஆனா பள்ளிக்கூடத்துல மைதானமே இல்லாத நாட்டுக்கு அது போதாது.

கடைசியா நம்ம கூட்டத்துக்கே ஒரு கேள்வி. 2024-ல விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி அணிக்கு ஆடினப்போ "தமிழன்டா"ன்னு படம் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? வேல்ஸில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை, அவரும் நடுக்களம்தான். வேல்ஸ் இளையோர் அணிகளுக்கு ஆடியிருக்கார். நாளைக்கு வேல்ஸ் சீனியர் அணி கூப்பிட்டு அவர் போனா துரோகின்னு சொல்லுவீங்களா? இலங்கைச் சட்டை போட்டா வாடகைன்னு சொல்லுவீங்களா? பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. அனானிப் பெட்டி மூடியாச்சு, சொந்தப் பேர்ல வாங்க.