எல்லையில் மகன், ஊரில் வீடு



வட எல்லையில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் நான்கு பக்கங்களில் மடல் எழுதியிருக்கிறார். இராணுவத்தில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றனவாம். மணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. திருச்சிக்குப் புறத்தே சிறு வீடு ஒன்று 30 இலட்சத்திற்கு விலைக்கு வருகிறது. வங்கிக் கடனில் அதை வாங்கி, ஓய்வு பெற்று வரும்வரை வாடகைக்கு விட்டால், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று உடன் பணிபுரிவோர் சொல்கின்றனராம். "வாங்கலாமா, சுவாமி?" என்று கேட்கிறார். இதே கேள்வி நம் பங்குகளில் படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய பல இல்லங்களில் எழுவதால், விடையை இங்கேயே எழுதுகிறேன்.

ஆசை நியாயமானது. போருக்குப் புறப்படும் சேனையில் புதுவீடு கட்டி அதில் இன்னும் குடிபுகாதவன் எவனேனும் இருந்தால் அவன் வீடு திரும்பலாம் என்று இணைச்சட்ட நூலின் 20ஆம் அதிகாரம் விதிக்கிறது. அவன் மடிந்து, வேறொருவன் அவ்வீட்டில் குடிபுகக் கூடாதே என்பதுதான் காரணம். வீரனுக்கும் அவன் வீட்டுக்கும் உள்ள உறவை அப்பழஞ்சட்டம் அறிந்திருந்தது. இன்றைய வீரனோ, தான் குடியிருக்க முடியாதென்று தெரிந்தே வீடு வாங்குகிறான். சாதாரணப் படைவீரர் 15 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வூதிய உரிமை பெறுகிறார். பதவி உயர்வு பெறாதவர் முப்பதுகளின் இறுதியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ ஊர் திரும்பிவிடுகிறார். அன்று அரசுக் குடியிருப்பும் போய்விடும். எனவே முன்கூட்டி எண்ணுவது விவேகமே.

ஆயினும் உடன் பணிபுரிவோர் சொன்ன கணக்கு தவறு. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 30 இலட்சத்தில் 24 இலட்சம் கடன் என்று கொள்வோம். நூற்றுக்கு 8½ வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 20,800 ரூபாய். அவர் விசாரித்தவரை அப்பகுதியில் வாடகை 8,000 அல்லது 9,000. மீதி 12,000 ரூபாயை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும். வீடு காலியாய்க் கிடக்கும் மாதங்களும், வீட்டுவரியும், மழைக்கு ஒழுகும் தளமும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. கையிலிருந்து போடும் 6 இலட்சத்தோடு பத்திரச் செலவும் உண்டு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் குறைக்கப்பட்டபின்னும் முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 ஆயிற்று. 30 இலட்சத்திற்கு அது 2,70,000. இருபது ஆண்டுகளில் வங்கிக்குச் செலுத்தும் மொத்தம் ஏறத்தாழ 50 இலட்சம். ஒன்பது ஆண்டு பணி முடித்தவருக்குக் கடன் தீருமுன்னே ஓய்வு வந்துவிடும். ஓய்வூதியமோ கடைசிச் சம்பளத்தில் பாதியளவே.

ஆகவே என் கருத்து இது: வாடகையை நம்பி வாங்க வேண்டாம், சம்பளத்தால் தாங்க முடியுமாயின் வாங்கலாம். படைவீரருக்கான சேமநல நிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க விதி இருக்கிறது. 1976இல் தொடங்கிய இராணுவக் குழுக் காப்பீட்டு நிதியும் வீட்டுக்கடன் தருகிறது. 1978இல் நிறுவப்பட்ட இராணுவ நல வீட்டு வசதி அமைப்பு இலாப நோக்கின்றிக் குடியிருப்புகள் கட்டித் தருகிறது. வெளித் தரகரிடம் போகுமுன் தம் படைப்பிரிவு அலுவலகத்தில் இவற்றை விசாரிப்பது நலம். அக்னிவீரராகச் சேர்ந்த தம்பிமார் நான்காண்டுப் பணிக்காலத்தில் இருபதாண்டுக் கடனைத் தொடவே வேண்டாம். 2022இல் அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, நால்வரில் ஒருவருக்கே நிலையான பணி.

கணக்கைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வீடு எவர் பெயரில் வாங்கப்படும்? மகன் எல்லையில் நிற்கிறான், விடுப்பு கிடைக்கவில்லை, விற்பவர் அவசரப்படுத்துகிறார். "அப்பா பெயரில் முடித்துவிடலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று வீட்டில் தீர்மானிக்கின்றனர். நம் ஊர்களில் இது மிகச் சாதாரணம். தந்தையர் வஞ்சிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் மகனுக்காகவே உழைப்பவர்கள். ஆனால் பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். தந்தை உயில் எழுதாது இறந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மூன்றில் ஒரு பங்கு தாய்க்கு. மீதி இரு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. நான்கு பிள்ளைகளுள் ஒருவனான வீரனுக்கு, தன் சம்பளத்தால் வாங்கிய வீட்டில் ஆறில் ஒரு பங்கே மிஞ்சும். "பணம் என்னுடையது" என்று வழக்காடலாமே எனில், பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2016இல் திருத்தப்பட்ட அச்சட்டம், மனைவி மக்கள் பெயரில் வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. தாய் தந்தை, உடன்பிறந்தோர் எனில், வாங்குபவனும் கூட்டு உரிமையாளனாய்ப் பத்திரத்தில் இருந்தால்தான் விலக்கு.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். மகன் தன் பெயரில் வாங்கி, பிள்ளைகளோடு வாழ்ந்து, உயிலின்றி இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மீதி. பெற்றோருக்கு அதில் பங்கே இல்லை. நிலத்தை விற்று முன்பணம் கொடுத்த தந்தைக்கு அது அநீதியாகவே முடியலாம். பெற்றோருக்கும் வழிசெய்ய விரும்பும் மகன் உயில் எழுதட்டும். மெய்யான போரில் ஈடுபட்டிருக்கும் வீரன் வாய்மொழியாகவும் உயில் சொல்லலாம் என்று அதே வாரிசுரிமைச் சட்டம் சலுகை தருகிறது. அந்த நிலைவரை காத்திராமல், விடுப்பில் வரும்போது இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு வைப்பதே முறை. சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நம் தாய்மார் வாயைப் பொத்துகின்றனர். கடனுக்கு ஆயுள் காப்பீடு எடுக்கவும் அதனாலேயே தயங்குகின்றனர். தவணை நின்றால் வங்கி சகுனம் பார்ப்பதில்லை.

அந்த மடலில் தந்தையின் கருத்து இருக்கிறது, மாமனாரின் கருத்து இருக்கிறது, நண்பர்களின் கருத்து இருக்கிறது. மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் காணோம். பத்து ஆண்டு தவணையைக் கணக்கிட்டு, வாடகை வாங்கி, குழாய் உடைந்தால் ஆள் தேடப்போகிறவர் அவர்தானே! கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்குவதே எனக்கு உகந்ததாய்த் தோன்றுகிறது. நேரில் வர இயலாத வீரர், இன்ன வீட்டை வாங்கிப் பதிவதற்கு மட்டும் என்று வரையறுத்த அதிகார ஆவணத்தை மனைவிக்கோ தந்தைக்கோ தரலாம். எல்லாவற்றுக்குமான 'பொதுப் பவர்' கொடுத்துவிட்டு வண்டியேற வேண்டாம். அவ்வாறே, விற்பவர் கிரயம் எழுதித் தராமல் 'பவர்' எழுதித் தருகிறேன் என்றாலும் ஏற்க வேண்டாம். அதனால் சொத்துரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

வீடு வாங்கியாயிற்று. அடுத்து வருவது ஒத்தி என்னும் சோதனை. போக்கியம் என்றும் சொல்வார்கள். மாத வாடகைக்குப் பதிலாக 5 இலட்சமோ 6 இலட்சமோ மொத்தமாய்க் கொடுத்து ஒருவர் குடியேறுவார். வெளியேறும் நாளில் அத்தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். தங்கையின் திருமணம் நெருங்குகையில் இது வானத்திலிருந்து விழுந்த உதவியாய்த் தெரியும். பணம் திருமணத்தில் கரைந்துவிடும். வீரர் பெட்டியோடு வந்து நிற்கும் நாளில், தன் சொந்த வீட்டுக்குள் நுழைய 6 இலட்சம் தேட வேண்டும்! அதுவரை வங்கித் தவணைக்கு வாடகை வரவும் இல்லை. வங்கியில் அடமானமாய் உள்ள வீட்டை அதன் இசைவின்றி ஒத்திக்கு விடுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவதும் ஆகலாம். இதை நான் கண்டிப்பாய் வேண்டாம் என்கிறேன்.

வாடகைக்கே விடுங்கள், எழுத்தில் விடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். இருதரப்பும் வேறுவிதமாய் ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது. பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பழைய வழக்கம் இனிப் போதாது.

குடிவருபவரிடம் முதல் நாளே, "நான் படையில் இருக்கிறேன், இன்ன ஆண்டு திரும்புவேன், அப்போது வீடு எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுவது நேர்மை. திரும்பும் ஆண்டு தெரிந்தவுடன் மறுபடி அறிவித்து, அவர்களுடைய பிள்ளைகளின் தேர்வு முடியும்வரை பொறுப்பது மனிதத்தன்மை. இன்னொன்றும் உண்டு. வீடு கேட்டு வருபவரிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று திண்ணையிலேயே கேட்கும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது, ஞாயிறு பூசை தவறாத வீடுகளிலும் இருக்கிறது. பனிமலையில் மகன் எவரோடு ஒரே தட்டில் உண்கிறானோ, அவருடைய குடும்பத்துக்கே அவன் வீட்டின் கதவை அடைக்கும் கேள்வி அது. மகன் பெயரில் உள்ள வீட்டில் மகன் கேளாத கேள்வியைப் பெற்றோர் கேட்க வேண்டாம். வீடு மந்திரிக்க நான் செல்லும் தெருக்களில், "எங்களுடையது வாடகை வீடுதானே, சுவாமி" என்று கூசி நிற்கும் குடும்பங்களைக் காண்கிறேன். அவர்கள் வாழும் வீடு அவர்களுக்கு இல்லம்தான். மந்திரிக்கச் சொந்தப் பத்திரம் தேவையில்லை.

வழக்கு என்று வந்தால் வீரர் அஞ்ச வேண்டியதில்லை. போர்க்காலம் முதலிய சிறப்பு நிலைகளில் பணிபுரியும் வீரருக்கு எதிரான வழக்கு, அவர் சார்பில் எவரும் இல்லாமலே நடந்து முடியாதபடி 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் காக்கிறது. விடுப்புக் கிடைக்காத வீரர், தம் சார்பில் வழக்கு நடத்த ஒருவரை நியமிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் கட்டளை இடமளிக்கிறது. அந்த நியமனத்தைத் தம் படைத்தலைவர் முன்னிலையில் எழுத்தில் கையொப்பமிட்டுத் தரவேண்டும். இவற்றை எங்கே விசாரிப்பது எனத் தெரியாதோர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லலாம். பெயரில் 'முன்னாள்' என்றிருப்பதைக் கண்டு திரும்பிவிட வேண்டாம். பணியில் இருப்போரின் குடும்பத்தினரும் அங்கே உதவி கேட்கலாம். மகனின் படை எண்ணையும் பத்திர நகலையும் கையோடு கொண்டு செல்க.