மந்தையின் நடைக்கு ஏற்ப



கடந்த ஆகஸ்ட் மாதத்தில் மூன்று நாட்கள் நான் ஊரில் இல்லை. ஊழியப் பயணம் சென்றிருப்பதாக உங்களில் பலர் எண்ணியிருந்தீர்கள். உண்மையில் நான் சென்றது காலேஜ் ஸ்டேஷன் நகருக்கு. அங்கே டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இறைச்சி மாடு வளர்ப்போருக்காக ஆண்டுதோறும் ஒரு பயிற்சி மாநாட்டை நடத்துகிறது. எங்கள் வீட்டிற்கு அருகே பண்ணை வைத்திருக்கும் முதியவருக்கு இப்போது நெடுந்தூரம் கார் ஓட்ட இயலவில்லை. அவருக்குத் துணையாகச் சென்றேன். (மாட்டிறைச்சியைக் குறித்து உங்களில் சிலருக்கு மனச்சங்கடம் உண்டென்பதை அறிவேன். ரோமர் 14ஆம் அதிகாரத்தின்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வோம்.)

புல்வெளி, தீவனம், தடுப்பூசி, சந்தை விலை என்று பல வகுப்புகள் நடந்தன. பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு செய்தி மனதில் தங்கியது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்த மாடுகள் ஏறக்குறைய 8 கோடியே 72 லட்சம்; 1951க்குப் பின் அதுவரை இருந்தவற்றில் அதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. வறட்சியில் புல் கருகியபோது கன்று ஈனும் பசுக்களையே விற்க நேரிட்டது. மந்தை சுருங்கியதால் பண்ணையாளர்கள் ஒவ்வொரு மாட்டையும் முன்னிலும் கூர்ந்து கவனிக்கிறார்கள். நாமோ சபையில் ஆட்கள் குறைந்தால் குரலை உயர்த்துகிறோம்.

இரண்டாம் நாள், மாடுகளைப் பட்டியிலிருந்து ஒடுக்கமான கம்பிப் பாதைக்குள் செலுத்துவதை ஒருவர் செய்து காட்டினார். அவர் கையில் தடி இல்லை, சத்தமும் போடவில்லை. ஒவ்வொரு மாட்டைச் சுற்றிலும் ‘ஃபிளைட் ஜோன்’ என்றொரு எல்லை உண்டாம். அதற்குள் மனிதன் கால் வைத்தால் மாடு நகரும். அவன் பின்வாங்கினால் நின்றுவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே நடக்கும். முன்னால் நின்று நெருங்கினால் பின்னே போகும். நேர் பின்புறம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒருவன் நின்றால் மிரளும். வேலியில் தொங்கும் ஒரு சட்டையும், தரையில் விழும் ஒரு நிழலும்கூட அதை நிறுத்திவிடும். மிரண்ட மாடு அமைதியடைய 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும் என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்.

என்னை அதிகமாய்ச் சிந்திக்க வைத்தது வேறொன்று. மாடு ஓர் அடி எடுத்து வைத்தவுடனே அந்த மனிதர் ஓர் அடி பின்வாங்கினார். “நெருக்குவது எல்லாருக்கும் தெரியும், விட்டுக்கொடுப்பதுதான் தெரியாது” என்று என்னை அழைத்துச் சென்ற முதியவர் முணுமுணுத்தார்.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரம் அப்போது நினைவுக்கு வந்தது. இறையியல் கல்லூரியில் அதைப் படித்தேன். பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஏசா நானூறு பேரோடு வந்து, சேர்ந்து பயணம் செய்வோம் என்கிறான். யாக்கோபு ஒப்பவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் கறவையானவை உண்டு, ஒரே நாள் விரட்டினாலும் அவை செத்துப்போகும், ஆகையால் அவற்றின் நடைக்கு ஏற்ப மெதுவாய் வருகிறேன் என்கிறான். (பிறகு அவன் சேயீருக்குப் போகவே இல்லை, அது வேறு கதை.) இதை அவனுடைய பயத்திற்கு அடையாளமாக மட்டுமே நான் பிரசங்கித்தேன். இருபது ஆண்டுகள் லாபானுடைய மந்தையை மேய்த்தவனின் தொழிலறிவு அதில் இருப்பதைக் கவனிக்கத் தவறினேன்.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். உபவாச ஜெபத்திற்கு வராதவர்களின் பெயர்களை ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவன் நானே. அது தவறு என்று இப்போது எண்ணுகிறேன். இரவுப்பணி முடித்து வந்த ஓர் இளம் தகப்பனின் பெயரை அப்படி வாசித்தேன். அவரும் அவர் மனைவியும் அதன் பின் ஆராதனைக்கு வரவில்லை. மாடு காண முடியாத இடத்தில் நின்று அதட்டியவனைப் போல் நான் நடந்துகொண்டேன்.

நெருக்காவிட்டால் சபை சோர்ந்துபோகும் என்று மூப்பர்கள் சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த மனிதரும் மாட்டை நெருக்கவே செய்தார். ஆனால் நாம் எப்போது பின்வாங்கினோம்? பல மாதங்களுக்குப் பின் ஒருவர் தயங்கித் தயங்கி ஆலயத்திற்குள் நுழைகிறார். மறுவாரமே ஞாயிறு பள்ளிப் பொறுப்பையும் பாடகர் குழுவையும் காணிக்கைக் கணக்கையும் அவர் தலையில் வைக்கிறோம். அவர் எடுத்து வைத்த ஓர் அடிக்கு நாம் கொடுத்த பதில் இன்னும் ஒரு நெருக்கம்.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டென்பதையும் மறைக்கமாட்டேன். அமைதியாய் நடந்த அந்த மாடுகளில் பல முடிவில் இறைச்சிக்கூடத்திற்கே போகும். மென்மையும் தந்திரமாகிவிடக் கூடும். இனிய குரலில் ஆத்துமாக்களை அடிமைப்படுத்திய ஊழியக்காரரும் உண்டு. மந்தையினால் ஆதாயம் தேடுகிறவனுக்கும் மந்தைக்காகத் தன் ஜீவனையே கொடுத்த நல்ல மேய்ப்பருக்கும் உள்ள வேறுபாடு எந்த மாநாட்டிலும் கற்கக் கூடியதன்று. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில், மந்தையைப் பலவந்தமாய் ஆண்ட மேய்ப்பர்களிடம் கர்த்தர் கணக்குக் கேட்கிறார். அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கலாம்.

எனவே இந்த ஞாயிறு முதல் பெயர் வாசிப்பு இராது. மூப்பர் கூட்டத்தில் இதைக் குறித்து வாக்குவாதம் எழும், எழட்டும்.

சென்ற வியாழக்கிழமை அந்த இளம் தகப்பனைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். ஆராதனைக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: குழந்தைக்கு இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றனவாம்.