நம்ம தெரு கேரம் கிளப்புக்கு வரலாறு கிடையாதா?



ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு எந்தப் பக்கம் போனாலும் ஒரு கேரம் கிளப் இருக்கும். ஒரு தகரக் கொட்டாய், ஒரு போர்டு, மேலே தொங்குற பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். அவ்வளவுதான். ஹார்பர்ல, கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சவங்க, கடலுக்குப் போயிட்டு வந்தவங்க எல்லாரும் சாயங்காலம் அங்கதான். "அங்க போறவன் உருப்பட மாட்டான்" என்று வீட்டில் சொல்வார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். சென்னை மரிய இருதயம் 1991, 1995 என இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். கேரமுக்காக அர்ஜுனா விருதும் வாங்கினார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸ் நாட்டில் உலகப் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்தார். இவங்க உருப்படலையா?

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு. அங்கே ரக்பி ஆட்டம்தான் உயிர். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள்தான் பல கிளப்புகளை வளர்த்தார்கள். லானெல்லி என்ற தொழிலாளர் ஊரின் கிளப் 1972-ல் நியூசிலாந்தையே 9-3 என்று ஜெயித்தது. அந்த ஊர் இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சின்னக் கிளப்பில்கூட எந்த வருஷம் யார் கேப்டன் என்று பலகையில் எழுதி மாட்டுகிறார்கள்.

நம்ம கிளப்புக்கு முதல் போர்டு வாங்கிக் கொடுத்தது யாரு? இடம் விட்டது யாரு? முதல் கப் எந்த வருஷம்? எல்லாம் தாத்தாக்கள் வாயில மட்டும்தான் இருக்கு. அவங்க போயிட்டா அதுவும் போச்சு.

இன்னொரு விஷயம். இளவழகியும் காசிமாவும் பெண்கள். ஆனா நம்ம கிளப்புல சாயங்காலம் போய்ப் பாருங்க, அண்ணன்கள் மட்டும்தான். காசிமா அக்காவுக்குப் பேனர் கட்டுற அதே அண்ணன், சொந்தத் தங்கச்சி ஒரு போர்டு ஆடணும்னா "வீட்டுக்குப் போடி"ங்கிறார். இது நியாயமா?

சில இடங்களில் பந்தயம் கட்டுகிறார்கள், பீடி பிடிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதுக்காக கிளப்பை மூடணுமா? பெரியவங்களும் பொண்ணுங்களும் உள்ளே வந்து உட்கார்ந்தா அதெல்லாம் தானா வெளியே போகும்.

அதனால் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, அரையாண்டு லீவில் ஒவ்வொருவரும் உங்க தெரு கிளப் பற்றிப் பெரியவங்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாங்க. இதே சுவரில் ஒட்டுவோம். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போர்டைப் பெண்களுக்கு விடச் சொல்லி உங்க அண்ணன்களைக் கேளுங்க. பி.டி. சாரும் நமக்காக ஒரு வார்த்தை பேசணும்.

எழுதி வைத்தால்தான் வரலாறு. ஆடவிட்டால்தான் அடுத்த சாம்பியன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி