இரைச்சல் அல்ல, இன்னொருவன் குரல்!

சந்தைக்குள் நுழைந்து பாருங்கள், தோழர்களே! பக்கத்தில் நிற்கும் வியாபாரியின் முழக்கம் காதைப் பிளக்கிறது. மூலையிலே கீரைக் கூடையோடு குந்தியிருக்கும் கிழவியின் குரலோ கேட்பதேயில்லை. அவள் பேசவில்லையா? பேசுகிறாள்! பிரித்துக் கேட்கும் காதுதான் இல்லை!

கைப்பேசிக் கோபுரத்தின் கதையும் இதுவே. சி.டி.எம்.ஏ. முறையில், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பலர் பேசுவர். ஒவ்வொருவர்க்கும் தனிக் குறியீடு உண்டு. ஆனால் சாதாரண ரிசீவர் என்ன செய்தது? ஒருவனது குறியீட்டைத் தேடிற்று. மற்றவர் பேச்சையெல்லாம் இரைச்சல் என்று தள்ளிற்று! அருகிலிருப்பவன் குரல் ஓங்கிற்று. எல்லையிலிருப்பவன் குரல் அமுங்கிற்று. பரிகாரம் தேடினர். 1990-களில் வந்த ஐ.எஸ்.-95 முறையில், நொடிக்கு 800 தடவை கோபுரம் கட்டளையிட்டது: கூட்டு, குறை, கூட்டு, குறை என்று! பயன் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் அது வாய்க்குப் போட்ட கட்டு. செவிக்குச் செய்த மருத்துவமல்ல!

செவிக்கு மருத்துவம் சொன்னவர் செர்கியோ வெர்டூ. மற்றவன் குரல் வெறும் இரைச்சலன்று. அதற்கும் வடிவம் உண்டு. அனைவரையும் சேர்த்தே ஆராய்ந்தால் மெல்லிய குரலும் தெளியும் என்று 1986-ஆம் ஆண்டு ஆய்வுரையிலே நிறுவினார்.

நீதி கிடைத்துவிட்டதா? விலையைக் கேளுங்கள்! ஆளுக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரு சொல். 10 பேர் என்றால் 1,024 வகைகளை ஒப்பிட வேண்டும். 20 பேர் என்றால் பத்து லட்சத்துக்கு மேல். 30 பேர் என்றால் 107 கோடிக்கு மேல்! எந்தக் கருவி தாங்கும்? எட்டாத உயரத்தில் தொங்கும் கனி பசி தீர்க்குமா?

எனவேதான் எளிய வழிகள் பிறந்தன. ஓங்கிய குரலை முதலில் கேள். கேட்டதை மொத்தத்திலிருந்து கழி. அடுத்த குரலைக் கேள். 30 பேருக்கு 30 படிகள், அவ்வளவே! ஆபத்தும் உண்டு: முதல் கழித்தல் பிழையானால் பின்வருவோர் கணக்கெல்லாம் பிழைபடும். 2010-இல் தாமஸ் மார்செட்டா வேறு வழி காட்டினார்: பயனாளரைவிடப் பன்மடங்கு ஆன்டெனாக்களைக் கோபுரத்திலே பொருத்து, எளிய கணக்கே குரல்களைப் பிரித்துவிடும் என்றார். இன்றைய 5ஜி கோபுரங்கள் பலவற்றில் பல ஆன்டெனாக்கள் அடங்கிய பலகைகள் நிற்பது அந்த வழியில்தான்.

இவற்றில் எது சிறந்தது? சிக்கனத்தை மட்டும் பார்ப்போர் சராசரி வேகத்தைக் காட்டுவர். சராசரி ஒரு மாயத்திரை! ஒருவனுக்கு விருந்து, ஒருவனுக்குப் பட்டினி; சராசரியில் இருவருக்கும் அரை வயிறு! 2017-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கு வகுத்த நெறியில், பயனாளரில் 95 விழுக்காட்டினர்க்குக் குறையாமல் கிட்டுவது எவ்வளவு என்று தனி அளவுகோலே வைத்தது. அதுதான் நேரிய அளவுகோல்!

கோபுரம் உயர்ந்தால் போதாது, தோழர்களே! எல்லையிலே நிற்பவன் முணுமுணுப்பும் எட்ட வேண்டும். கடைசி மனிதனைக் கேட்கும் செவியே செவி. மற்றதெல்லாம் வெறும் இரும்பு!