கடைசி நாற்காலிக்கும் ஒரு கேமரா வேண்டும்

நம் அலுவலகங்களின் மீட்டிங் ரூம்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நீளமான மேசை, இரு பக்கமும் நாற்காலிகள், ஒரு முனைச் சுவரில் டிவி, அதை ஒட்டி ஒரே ஒரு கேமரா. வெளியூரிலிருந்து காணொலியில் சேருபவருக்கு அந்தக் கேமரா காட்டுவதுதான் அறை. டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் திரையை அடைத்துக்கொண்டு தெரிவார்கள். அவர்களுக்கு அப்பால் ஆட்கள் சிறுத்துக்கொண்டே போய், கடைசி நாற்காலிக்காரரைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியூர்க்காரரின் முகமோ அறையில் 65 அங்குலத் திரையில், மழிக்காத தாடை உட்பட, எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு தரப்பு முழுதாகப் பார்க்கிறது, மறு தரப்பு குத்துமதிப்பாக ஊகிக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வோடு நடப்பதைக் கலந்தாலோசனை என்று சொல்ல முடியாது. காணொலிக் கூட்டம் நடக்கும் அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள் இருப்பது ஆடம்பரம் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

ஒரு கேமரா ஏன் போதாது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். லென்ஸ் 90 டிகிரி அகலத்துக்குப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் தூரத்தில் அதற்குள் அடங்கும் அகலம் 2 மீட்டர். 5 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர். ஃபுல் எச்டி படத்தின் அகலம் 1,920 பிக்சல். மனித முகத்தின் அகலத்தைச் சுமார் 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு 144 பிக்சல் கிடைக்கும், 5 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு 29. இருபத்தொன்பது புள்ளிகளில் ஒரு முகம் என்றால் உதடு அசைவதே தெரியாது. புருவம் உயர்வதெல்லாம் கனவு. 4கே கேமரா வாங்கினால் அது 58 ஆகும், நல்ல ஜூம் லென்ஸ் இருந்தால் இன்னும் கூடும். ஆக, தெளிவு மட்டுமே பிரச்சினை என்றால் பணத்தைக் கொட்டி ஒரே கேமராவில் தீர்த்துவிடலாம்.

கோணத்தை அப்படித் தீர்க்க முடியாது. மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் வெளியூர்க்காரரிடம் பேசும்போது டிவியைப் பார்ப்பார்கள். அப்போது முகம் நேராகத் தெரியும். ஆனால் தங்களுக்குள் பேசத் தொடங்கியதும் எதிரே இருப்பவரை நோக்கித் திரும்புவார்கள். சுவர்க் கேமராவுக்கு அப்போது கிடைப்பது காதும் கன்னமும்தான். ஒருவர் ஒரு யோசனையைச் சொல்கிறார், எதிரே இருப்பவர் முகம் சுளிக்கிறார், மூன்றாமவர் தலையாட்டுகிறார், சட்டென்று ஒரு மௌனம். கூட்டத்தின் முடிவு தீர்மானமாவது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான். அந்த நொடிகளில் வெளியூர்க்காரர் வரிசையாகச் சில காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மௌனம் சம்மதமா சங்கடமா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எத்தனை மெகாபிக்சல் வாங்கினாலும் ஒரு காது முகமாகிவிடாது.

இதைப் பொறியாளர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். 2005-இல் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து எச்பி கொண்டுவந்த ஹேலோ, அடுத்த ஆண்டு சிஸ்கோ கொண்டுவந்த டெலிபிரசன்ஸ் இரண்டிலும் எல்லோரையும் மேசையின் ஒரே பக்கத்தில் திரைகளைப் பார்த்து உட்காரவைத்து, பல கேமராக்களால் படம் பிடித்தார்கள். சிஸ்கோவின் மூன்று திரை அறை ஒன்றின் விலை ஏறத்தாழ 3 லட்சம் டாலர். கேமராவுக்காக மனிதர்களை வளைத்த ஏற்பாடு அது. 2007-இல் மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் யோசித்தது. அதன் ரவுண்ட்டேபிள் கருவி ஐந்து கேமராக்களோடு மேசையின் நடுவில் நின்று சுற்றியுள்ள எல்லோரையும் காட்டியது. ஆனால் மேசை நடுவில் இருக்கும் கருவி மட்டும் போதாது: ஆட்கள் டிவியைப் பார்த்துத் திரும்பியதும் இப்போது அதற்குத்தான் காது தெரியும். சுவரில் ஒன்று, மேசையில் ஒன்று என இரண்டும் இருந்து, யார் முகம் எதில் நேராக விழுகிறதோ அதை எடுத்துக் காட்ட வேண்டும். ஜூம் நிறுவனத்தின் ‘இன்டலிஜன்ட் டைரக்டர்’ போன்ற மென்பொருள்கள் சில ஆண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் கோவையிலும் மாலையில் அமெரிக்க வாடிக்கையாளரின் கூட்டத்தில் சேரும் ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் இந்த ‘வெளியூர்க்காரர்’ இடத்தில் இருப்பவர்கள். எப்போது குறுக்கிட்டுப் பேசலாம் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவர், கூட்டம் முடியும்வரை பேசாமலே இருந்துவிடுகிறார். பிறகு ‘அவர் அதிகம் பேசமாட்டார்’ என்று பெயரும் வாங்குகிறார். சட்டமும் இந்தக் குறையை ஊகித்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 173(2) பிரிவில், இயக்குநர்கள் காணொலி வழியாகக் கூட்டத்தில் பங்கேற்க அனுமதிக்கிறது. அவர்களின் பங்கேற்பை அடையாளம் காணவும் பதிவுசெய்யவும் கருவியால் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. 2014-இல் வந்த விதிகள், பேசுமுன் ஒவ்வொருவரும் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கின்றன. முகம் சரியாகத் தெரியாத இடத்தில்தான் வாயால் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். குரல் விட்டுவிட்டு வந்தால் பத்து கேமரா வைத்தும் பயனில்லை; நல்ல மைக்குக்குப் பிறகுதான் இரண்டாவது கேமரா. காட்சி மாறிக்கொண்டே இருந்தால் தலைசுற்றும் என்பதும் நியாயமான எதிர்ப்பே. சினிமாக்காரர்கள் பேசும் இருவருக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். தாண்டினால் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் தோன்றும். மென்பொருளை இயக்குநராக்கி ஷாட் ஷாட்டாக வெட்டவிட்டால் அந்தக் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே வெட்டக் கூடாது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கட்டம், உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே, கடைசிவரை அதே இடத்தில். பெரிய முகங்களை உற்றுப் பார்ப்பதே காணொலிச் சோர்வுக்கு ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதியதைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். அவர் சொன்ன தீர்வு முகங்களை மறைப்பதல்ல. திரையில் அவற்றின் அளவைக் குறைப்பது.

வலுவான எதிர்ப்பு வேறொன்று. நான்கு பக்கமும் கேமரா வைத்தால் அது கண்காணிப்பு ஆகாதா? ஆகும், விட்டால். முகத்தைக் கட்டத்தில் காட்டும் மென்பொருள், அடுத்த படியாக முகத்தை அடையாளம் கண்டு பெயர் ஒட்டும்; அதற்கும் அடுத்து யார் கவனிக்கவில்லை என்று மேலதிகாரிக்குச் சீட்டு அனுப்பும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில் நிறுவனங்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. முகத்தைக் காட்டலாம், சேமிக்கக் கூடாது. பெயர் ஒட்டும் வசதி அணைத்தே இருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் லென்ஸ் மூடியிருப்பது கண்ணால் பார்த்தே தெரிய வேண்டும். இந்த வரம்புகளை எழுதிவைக்காத அலுவலகத்துக்கு ஒரு கேமராவே அதிகம்.

செலவைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் லேப்டாப்பைத் திறந்து, கேமராவை மட்டும் போட்டு, மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடட்டும். ஒலிக்கு அறையின் மைக் ஒன்று போதும். ஒருவர் ஸ்பீக்கரை அணைக்க மறந்தாலும் வீல் என்று சத்தம் வரும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. இன்னும் பெரிய டிவிக்கு ஆர்டர் கொடுக்க இருக்கும் அதிகாரி, கையெழுத்துப் போடுமுன், தன் அறையில் நடக்கும் கூட்டத்தில் ஒரு நாள் வெளியிலிருந்து கலந்துகொண்டு பார்க்கட்டும். கடைசி நாற்காலியில் இருப்பவர் யாரென்று அவருக்கே தெரியவில்லை என்றால், அந்தப் பணத்தில் கேமரா வாங்கட்டும்.